தக்கை கண் திறந்த ஆறு வாரம்

தக்கை என்பது அவளுக்குப் பட்டாளத்தில் விழுந்த பெயர். முதன்முதலாக நீச்சல் குளத்தில் சிலிண்டர் மாட்டி இறக்கியபோது, இடுப்பில் நான்கு ஈயக் கட்டிகள் கட்டியும் அவள் மூழ்க மறுத்தாள். ஐந்தாவதையும் சேர்த்தார்கள். இரண்டு சாண் இறங்கினாள், அவ்வளவுதான். மறுபடி மிதந்து வந்து முதுகைக் காட்டினாள். பயத்தில் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பது பயிற்சி கொடுத்தவருக்குப் புரியப் பத்து நிமிடம் ஆயிற்று. "மூச்சை விடும்மா, யாரும் திருடிக்கிட்டுப் போக மாட்டாங்க" என்றார். விட்டாள். நேராகப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். கரையில் நின்ற பதினெட்டுப் பேரும் கைதட்டினார்கள். அன்று மாலையே பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்த விடுமுறையில் அது வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அக்கா மட்டும்தான் இன்றுவரை "சின்னவளே" என்றே கூப்பிடுகிறாள்.

அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. அதற்குப் பிறகு பதினோரு வருடம், பொறியாளர் படைப் பிரிவில் முக்குளிக்கும் வேலை. முக்குளிப்பவர் என்றால் மீன்களுக்கு நடுவே நீந்துகிறவர் என்று அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொண்டார்கள். அவள் பார்த்த தண்ணீர் வேறு. பாலத் தூணின் அடியைச் சோதிப்பது, கால்வாய்க் கதவில் சிக்கிய மரத்தை அறுப்பது, துறைமுகத்தில் தவறி விழுந்த இயந்திரத்தைத் தேடிச் சங்கிலி மாட்டுவது, இவைதான் அவள் வேலை. அந்தத் தண்ணீர் சிமென்ட்டைக் கரைத்து வைத்ததுபோல் இருக்கும். மாஸ்குக் கண்ணாடியில் சொந்த உள்ளங்கையை ஒட்டிவைத்தாலும் தெரியாது. எல்லாம் தடவித்தான்.

நெஞ்சைச் சுற்றி ஒரு கயிறு கட்டியிருக்கும். அதன் மறுமுனை படகில் கயிற்றுக்காரர் கையில். அவர் ஒரு முறை இழுத்தால் "நல்லா இருக்கியா" என்று அர்த்தம். அவள் பதிலுக்கு ஒரு முறை இழுக்க வேண்டும். மூன்று இழுத்தால் மேலே வா. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அந்தக் கேள்வி வந்துவிடும். இப்படி ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு முறை இறங்கி ஏறியிருக்கிறாள். அத்தனையும் அவளது பதிவேட்டில், மேலதிகாரியின் கையெழுத்தோடு இருக்கிறது.

யாரும் கற்றுக்கொடுக்காத ஒரு பழக்கமும் அவளுக்கு வந்து சேர்ந்தது. இரண்டாவது வருடத்தில் அவளாகவே கண்டுபிடித்தாள்: அந்தச் சேற்றில் கண்ணைத் திறந்து வைத்தால் மூளை வெளிச்சத்தைத் தேடித் தேடிக் களைத்துப்போகிறது; மூடிக்கொண்டால் விரல்கள் தெளிவாக வேலை செய்கின்றன. அன்றிலிருந்து அடியில் நுணுக்கமான வேலை எது வந்தாலும் இமை தானாக மூடிக்கொள்ளும். அதைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

பதினோராவது வருடக் கடைசியில் ஒரு பாலத் தூணின் துருப்பிடித்த போல்ட்டைத் திருகும்போது வலது தோளில் தசைநார் அறுந்தது. ஓர் அறுவை சிகிச்சை, ஐந்து மாத ஓய்வு. அதன் பிறகு மருத்துவக் குழு மூன்று வரி எழுதியது. நீருக்கடியில் கனமான கருவிகளைக் கையாளக் கூடாது. கயிறு கட்டி இறங்கும் பணிகளிலிருந்து விடுவிக்கப்படுகிறார். முப்பது மீட்டர் வரை ஸ்கூபா முக்குளிப்புக்குத் தகுதி உண்டு.

ஸ்கூபா என்றால் கயிறு இல்லாமல், முதுகில் சிலிண்டரோடு தானாக நீந்துவது. அந்த மூன்றாவது வரியைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். அந்தச் சமயத்தில்தான் பட்டாளம் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே தகுதி அட்டை என்று ஸ்கூபாப் பயிற்சியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தது. கற்றுக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. ஆறு வாரப் பயிற்றுநர் படிப்பு, தேறினால் பயிற்றுநர். தேறாவிட்டால் முகாமின் பொருள் கிடங்கில் இருந்துகொண்டு, மற்றவர்கள் இறங்குவதற்கான சிலிண்டர்களைக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கிற வேலை. முப்பத்து நான்கு வயதில் அதற்குப் பிறகு சீருடையோடு தண்ணீரைத் தொட முடியாது. இரண்டாம் முறை இந்தப் படிப்புக்கு யாரையும் அனுப்புவதில்லை.

"கிடங்குல நிழலாவது இருக்கும்" என்றார் மாமா, ஆறுதலாக. அக்காவின் கணவர், பஸ் ஓட்டுகிறவர், வெயிலைப் பற்றி அவருக்குத் தனிக் கருத்து உண்டு. அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

பயிற்சி முகாம் ஒரு கடலோரத்தில் இருந்தது. பயிற்றுநர் ஆக வந்தவர்கள் அவளோடு ஆறு பேர். ஆளுக்கொரு பழகுநரைக் கொடுத்தார்கள். பாடம் நடத்திக் காட்டுவதற்குப் பாடம் கேட்க ஒருவர் வேண்டுமே. முகாமிலேயே விருப்பமுள்ளவர்களைக் கேட்டு எடுத்திருந்தார்கள். தக்கையின் பங்குக்கு வந்தவர் முகாமின் சமையற்காரர். நாற்பது வயது, பருத்த உடம்பு, மென்மையான பேச்சு. எதற்கு இதில் சேர்ந்தீர்கள் என்று கேட்டதற்கு, பதினாறு வருடமாக அடுப்பு முன்னால் நிற்கிறேன், ஒரு ஆறு வாரமாவது குளிர்ந்த இடத்தில் இருந்து பார்க்கலாமே என்றுதான் என்றார். அவளை முதல் நாளிலிருந்தே "டீச்சரம்மா" என்றார். அவள் "அண்ணே" என்றாள்.

தலைமைப் பயிற்சியாளருக்கு ஸ்லேட்டு என்று பெயர். எதிரில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். தண்ணீருக்கடியில் எப்போதும் ஒரு வெள்ளைப் பலகையும் பென்சிலும் வைத்துக்கொண்டு பின்னாலேயே வருவார். தப்பைப் பார்த்தால் எழுதி முகத்துக்கு நேரே நீட்டுவார். கோபப்பட மாட்டார், பாராட்டவும் மாட்டார்.

எழுத்துப் பாடங்களில் தக்கைக்குத் தொல்லை இல்லை. அழுத்தம், ஆழம், எவ்வளவு நேரம் இருந்தால் எவ்வளவு மெதுவாக மேலே வர வேண்டும் என்ற அட்டவணை எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. குளத்திலும் குறை சொல்ல முடியாதபடி செய்தாள். முதல் வாரக் கடைசியில் கடலில் இறங்கினார்கள். ஆறு மீட்டர் ஆழம். வெள்ளை மணல், பதினைந்து மீட்டர் தூரத்துக்குக் கண்ணாடிபோல் தண்ணீர். சமையற்காரரின் சிலிண்டர் பட்டை தளர்ந்திருந்தது. அதைச் சரிசெய்வது அவளுக்குப் பெரிய வேலையே இல்லை. அவர் முதுகுப் பக்கம் போய், கொக்கியை அவிழ்த்து, இழுத்து, மாட்டி, சோதித்து, முடித்தாள். அருமையாகச் செய்தோம் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது மூக்குக்கு நேரே ஸ்லேட்டு சாரின் பலகை நின்றது.

அதில் "கண்ணைத் திற" என்று எழுதியிருந்தது.

மேலே வந்த பிறகு அவர் சொன்னதை அவளால் முதலில் நம்ப முடியவில்லை. நாற்பது விநாடியாக அந்தப் பலகையை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாராம். அந்த நாற்பது விநாடியில் சமையற்காரர் இரண்டு முறை திரும்பி அவளைத் தேடியிருக்கிறார். "உங்க பழகுநருக்கு அந்த நேரத்துல ஏதாவது ஆகியிருந்தா உங்களுக்கு எப்பத் தெரிஞ்சிருக்கும்?" என்று கேட்டார். மற்ற ஐந்து பேரும் சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள். பாதிச் சோற்றைத் தட்டிலேயே விட்டு எழுந்தாள்.

இதில் கயிறு கிடையாது. யாரும் மேலே இருந்து இழுத்து நலம் கேட்க மாட்டார்கள். கேட்க வேண்டியது அவள், அதுவும் கண்ணால். பழகுநரின் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமல் கையால் எல்லா வேலையும் செய்ய வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கொக்கி, பட்டை, குழாய் என்று எது விரலில் பட்டாலும் இமை கதவைச் சாத்திக்கொண்டது. போதாததற்கு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை இடது கை தானாகப் போய் நெஞ்சில் கயிற்றைத் தேடியது. இரண்டாம் வார அறிக்கையில் ஸ்லேட்டு சார் எழுதினார்: "நீர்த்திறன் மிக நன்று. பழகுநரைக் கண்காணித்தல் போதாது. நான்காம் வாரத்துக்குள் மாறாவிட்டால் தேர்வுக்கு அனுப்ப இயலாது."

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். முகாமிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். மூன்றாம் மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையுமான வீடு. அக்கா பஸ் டிப்போவின் உதிரிபாகக் கிடங்கில் இருபது வருடமாக வேலை பார்க்கிறாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் எந்த அலமாரியில் எத்தனை வாஷர் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அறிக்கையை வாங்கி ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தாள். "போதாது" என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டே, எப்போது கண்ணை மூடுகிறாய், எந்தெந்த வேலைக்கு மூடுகிறாய், எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். டாக்டரிடம்கூடத் தக்கை அவ்வளவு பதில் சொன்னதில்லை.

திங்கட்கிழமை டிப்போவிலிருந்து அனுமதி கேட்டு ஒரு டப்பா கொண்டுவந்தாள் அக்கா. கழித்துப்போட்ட நட்டு, போல்ட்டு, வாஷர், பல அளவுகளில், கலந்துகட்டி இருநூற்று நாற்பது. அடுத்த சனிக்கிழமை தக்கை வந்ததும் சமையலறை மேசையில் டப்பாவைக் கவிழ்த்தாள். எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டாள்.

"இதைத் தடவித் தடவி ஜோடி சேரு. ஆனா என் மூஞ்சியைத்தான் பார்க்கணும். குனியக் கூடாது, மூடக் கூடாது."

"இது என்னக்கா விளையாட்டு?"

"விளையாட்டு இல்ல. அஞ்சு நிமிஷத்துல நான் சும்மா இருக்க மாட்டேன், ஏதாவது பண்ணுவேன். என்ன பண்ணினேன், எத்தனை தடவை பண்ணினேன்னு கடைசியில நீ சொல்லணும்."

முதல் ஐந்து நிமிடத்தில் தக்கை, இமை மூடியது தெரியாமலே, முப்பத்தொரு ஜோடி சேர்த்தாள். அது அபார வேகம். ஆனால் அக்கா என்ன செய்தாள் என்று கேட்டபோது திருதிருவென்று விழித்தாள். அக்கா ஏழு முறை மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்திருந்தாள், இரண்டு முறை காதைத் தொட்டிருந்தாள், ஒரு முறை எழுந்து போய் அடுப்பைத் தணித்துவிட்டே வந்திருந்தாள். எழுந்து போனது தெரியவில்லையா என்று மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அதன் பிறகு அக்கா கையில் ஒரு கரண்டி வந்தது. இமை இறங்கினால் மேசையில் ஒரு தட்டு. "முழி" என்பாள். ஜோடி குறைந்தது, பதினெட்டு, பதினொன்று, ஒரு கட்டத்தில் நான்கு. கையும் கண்ணும் ஒன்றையொன்று முன்பின் தெரியாதவர்கள்போல் நடந்துகொண்டன. தக்கைக்கு அழுகை வந்தது. அக்கா விடவில்லை. சனிக்கிழமை நான்கு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை மூன்று மணி நேரம்.

"முறைச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கீங்களே, இது சண்டையா சமாதானமா? தெரிஞ்சா நான் அதுக்குத் தகுந்த மாதிரி உள்ளே வருவேன்" என்றார் மாமா, கதவுக்கு வெளியே நின்று.

அதற்கடுத்த சனிக்கிழமை இருபது ஜோடிக்கு மேல் போனது. அக்கா செய்தவற்றின் கணக்கும் ஒன்றிரண்டுதான் தவறியது. பேசிக்கொண்டே செய்து பார்க்கலாம் என்றாள் அக்கா. கடலில் வாய் பேசாது என்றாலும் மனம் பேசாமல் இருக்குமா என்பது அவள் வாதம். தக்கை தன் பிரபலமான கதையை எடுத்தாள். நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு மிதவைப் பாலத்துக்கு அடியில் கயிறு சிக்கிக்கொண்டு இருபத்திரண்டு நிமிடம் மாட்டிக்கொண்ட கதை. எல்லோருக்கும் அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். கயிற்றுக்காரர் மேலே இருந்து நலமா நலமா என்று இழுக்க, கயிறு ஒரு இரும்புக் கம்பியில் மாட்டியிருந்ததால் அந்தக் கம்பி ஆடிக் கயிற்றைத் திரும்ப இழுத்து, அவருக்கு நலம் நலம் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் கேட்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வீட்டிலும் குறைந்தது பத்து முறை சொல்லியிருக்கிறாள். தட்டைப் பார்த்துக்கொண்டோ, சட்டையை மடித்துக்கொண்டோ.

இந்த முறை அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

வாய் சிரித்தது. சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தது. ஆனால் மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் கண் சிரிக்கவில்லை. காதோரத்தில் நரம்பு புடைத்திருந்தது. இருபத்திரண்டு நிமிடம் என்ற சொல் வந்தபோது அக்கா மூச்சையே விடவில்லை.

தக்கையின் கை நின்றுவிட்டது. ஒரு போல்ட்டு உருண்டு தரையில் விழுந்தது. இருவரும் அதை எடுக்கவில்லை.

"எப்பவும் இப்படித்தான் இருப்பியா? நான் இதைச் சொல்லும்போது?"

"எப்படி?"

"இப்படி."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "வேற எப்படி இருப்பாங்க."

"பதினோரு வருஷமா ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

"சொன்னா நீ போகாம இருந்திருப்பியா?"

தக்கை யோசித்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. "போயிருப்பேன்."

"அப்புறம் எதுக்குச் சொல்லணும்? பயம் எனக்கு. அதை எதுக்கு உன் இடுப்புல கட்டி அனுப்பணும்? ஏற்கெனவே அஞ்சு ஈயம் கட்டறாங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "நேரம் ஓடுது. இருபத்தாறு ஜோடிதான் ஆகியிருக்கு. சேரு."

தக்கை சேர்த்தாள். அன்று மாலைவரை இமை ஒரு முறைகூட இறங்கவில்லை.

திங்கட்கிழமை கைக்கு வந்த நான்காம் வார அறிக்கையில் "கண்காணித்தல்: முன்னேற்றம் உண்டு. தேர்வுக்கு அனுப்பலாம்" என்று வந்தது.

ஆறாம் வாரம் வெள்ளிக்கிழமை தேர்வு. பழகுநரோடு பதினெட்டு மீட்டர் வரை இறங்க வேண்டும். வழியில் மொத்தம் ஏழு வேலைகளைப் பழகுநரைச் செய்ய வைக்க வேண்டும்: மாஸ்கில் தண்ணீரை விட்டு வெளியேற்றுவது, வாயிலிருந்து மூச்சுக் குழாயின் ரெகுலேட்டரைக் கழற்றித் திரும்ப மாட்டுவது, இன்னொருவர் சிலிண்டரிலிருந்து மூச்சு வாங்குவது என்று. ஆறு மீட்டரில் இரண்டு, பன்னிரண்டில் இரண்டு, அடியில் மூன்று. ஸ்லேட்டு சார் பின்னால் வருவார், எதிலும் தலையிட மாட்டார்.

சமையற்காரர் அந்த வாரம் முழுதும் ஏழு வேலைகளையும் வரிசை மாறாமல் மனப்பாடம் செய்துகொண்டு திரிந்தார். உருளைக்கிழங்கு உரிக்கும்போதுகூட உதடு அசைந்துகொண்டிருந்ததாம். அவருக்குத் தேர்வு இல்லை. ஆனால் தன்னால் டீச்சரம்மாவுக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று சமையலறையில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

ஆறு மீட்டரில் இரண்டும் முடிந்தன. பன்னிரண்டில் இரண்டும் முடிந்தன. நான்காவதை முடித்ததும் தக்கை கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து, சரியா என்று கேட்டாள். அவரும் உடனே வளையம் காட்டினார். அழகான வளையம். போகலாம் என்று கீழே கையைக் காட்டினார்.

அவள் போகவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். கண் அகலத் திறந்திருந்தது. ஆனால் அது அவளைப் பார்க்கவில்லை, அவளைத் தாண்டி வேறெங்கோ பார்த்தது. வளையம் காட்டிய கை அப்படியே நின்றது, மறுகை சிலிண்டர் பட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. குமிழிகள் விட்டு விட்டு வராமல் ஒரே கொத்தாகப் போய்க்கொண்டிருந்தன. மறுபடி கேட்டாள். மறுபடி அதே வளையம், கேள்வி முடிவதற்கு முன்பே.

இன்னும் மூன்றே வேலைகள். ஆறு மீட்டர்தான் பாக்கி. அவர் மாட்டேன் என்று சொல்லவே இல்லை. இறங்கியிருந்தால் ஒருவேளை முடித்தும் இருப்பார். தக்கைக்குக் கிடங்கின் சிலிண்டர் வரிசை ஒரு கணம் கண்ணில் வந்து போனது. பின்பு அவள் அவரது பட்டையைப் பிடித்துக்கொண்டு, மேலே என்று சைகை காட்டினாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். வளையம் காட்டினார். அவள் பிடியை விடவில்லை. மூச்சை மெதுவாக விடச் சொல்லித் தன் கையை ஏற்றி இறக்கிக் காட்டிக்கொண்டே, அட்டவணை சொல்கிற வேகத்தில் மேலே கொண்டுவந்தாள். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிறுத்தினாள். அந்த மூன்று நிமிடமும் அவர் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

படகில் ஏறியதும் முதலில் கோபப்பட்டார். "எனக்கு ஒண்ணும் இல்லையே டீச்சரம்மா, ஏன் கொண்டுவந்தீங்க? இன்னும் மூணுதானே" என்றார். பிறகு படகின் ஓரத்தில் சாய்ந்து வாந்தி எடுத்தார். எட்டு மீட்டரிலிருந்தே மூச்சு தன் கையில் இல்லை என்றும், ஏழையும் எண்ணி முடித்துவிட்டால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததாகவும் அதற்குப் பிறகுதான் சொன்னார்.

ஸ்லேட்டு சார் பலகையைத் துடைத்தார். "ஏழுக்கு நாலு. தேர்வு முடியலை" என்றார். எதைப் பார்த்து மேலே வந்தீர்கள் என்று கேட்டார்.

"அவர் என்னைப் பார்க்கலை சார்."

அதை எழுதிக்கொண்டார். விதி இதுதான்: பாதியில் நின்ற தேர்வைப் படிப்பு முடிவதற்குள் ஒரே ஒரு முறை திரும்பச் செய்யலாம். படிப்பு மறுநாள் மதியத்தோடு முடிகிறது. வேறொரு பழகுநரை ஏற்பாடு செய்து தருவதாகவும், அறிமுகம் இல்லாதவரோடு இறங்குவது அவளுக்குச் சிரமமாக இருக்கும் என்று தெரியும், ஆனால் வேறு வழியில்லை என்றும் சொன்னார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் படகுத்துறையில் தக்கை சிலிண்டரைச் சோதித்துக்கொண்டிருந்தபோது சமையற்காரர் வந்து நின்றார். நூற்று இருபது பேருக்குக் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்திருந்தார். கையில் முகாம் மருத்துவரின் சீட்டு. இறங்கத் தடையில்லை என்று எழுதியிருந்தது.

"நான் வரேன்" என்றார்.

"வேணாம்ணே. உங்களுக்கு இது கட்டாயம் இல்ல."

"தெரியும்."

"நேத்து அவ்வளவு பட்டீங்க."

"பட்டேன். நேத்து உங்ககிட்ட மூணு தடவை பொய் சொன்னேன். நீங்க ஒரு தடவைகூட நம்பலை." கையிலிருந்த சீட்டை நீட்டினார். "கீழே போறதுன்னா நான் அந்த மாதிரி ஆளோடதான் போவேன். வேற யாரோடயும் போக மாட்டேன். உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா சொல்லிடுங்க, போய் மத்தியானத்துக்கு வெங்காயம் நறுக்கறேன்."

தக்கை பக்கத்தில் நின்ற ஸ்லேட்டு சாரைப் பார்த்தாள். அவர் சீட்டை வாங்கிப் படித்தார், மடித்துப் பையில் வைத்தார், தலையசைத்தார்.

படகில் போகும்போது அவள் ஒரே ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். வளையம் மட்டும் போதாது. மூன்று மீட்டருக்கு ஒரு முறை நிற்போம். அவர் தன் சிலிண்டரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று அளவைப் பார்த்து விரலால் காட்ட வேண்டும். சரியான எண் வந்தால் மேற்கொண்டு. தப்பான எண்ணோ, கேட்பதற்கு முன்பே பதிலோ வந்தால் அங்கேயே நின்று மூச்சு. அவர் யோசித்து, இது அடுப்பில் உப்பு பார்ப்பதுபோல்தான் என்றார்.

மூன்று மீட்டரில் எண் சரி. ஆறில் எண்ணும் சரி, முதல் இரண்டு வேலைகளும் சரி. ஒன்பதில் தப்பு. நின்றார்கள். முகத்தோடு முகம் வைத்து இருபது மூச்சு. அவர் திரும்ப அளவைப் பார்த்தார், சரியான எண் காட்டினார். அவளுடைய கைகள் அந்த நேரத்தில் அவரது பட்டையை இறுக்கின, குழாயை நேராக்கின, அவரது அளவுமானியைத் தூக்கி அவர் முகத்தருகே பிடித்தன. கண் மட்டும் அவர் முகத்திலிருந்து நகரவில்லை. பன்னிரண்டில் மூன்றாவதும் நான்காவதும் முடிந்தன; நேற்று நின்ற அதே இடம். அங்கே அவர் கண்ணை ஒரு முறை இறுக்கி மூடித் திறந்தார். அவளை நேராகப் பார்த்தார். கீழே கையைக் காட்டினார். இந்த முறை அவளும் இறங்கினாள்.

பதினெட்டு மீட்டரில் ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது. ஏழாவது முடிந்தபோது சிலிண்டரில் இன்னும் கொஞ்சம் காற்று மிச்சம் இருந்தது. அவர் அவளுடைய தோளைத் தட்டி, பின்னால் பார் என்று விரலை நீட்டினார். ஒரு முறை அவர் முகத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் திரும்பினாள். மணல் சரிந்து போகிற இடத்தில் ஒரு பெரிய பாறை. அதைச் சுற்றி விரல் நீள மீன்கள், ஆயிரம் இருக்கும், எல்லாம் ஒரே சமயத்தில் ஒரே பக்கம் திரும்பின. வெளிச்சம் அவற்றின் முதுகில் பட்டுச் சிதறியது. தண்ணீரின் அடி என்றால் இப்படியும் இருக்கும் என்று அவள் அதுவரை நினைத்ததே இல்லை. அரை நிமிடம் பார்த்தாள். பிறகு சமையற்காரர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கரையில் உபகரணங்களை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தபோது ஸ்லேட்டு சார் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினார். ஏழு கட்டங்களிலும் குறி இருந்தது. கீழே "தேறினார். பயிற்றுநராகப் பணியமர்த்தலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கொஞ்சம் நின்றார். அடுத்த மாதம் முதல் வகுப்பில் பன்னிரண்டு பேர் சேர்கிறார்கள் என்றும், மிகவும் பயப்படுகிறவர்கள் யார் என்று பார்த்து அவளிடம் கொடுக்கச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டை யாரும் அதுவரை கேட்டதில்லை.

ஈரக் கையோடு அக்காவுக்குப் போன் செய்தாள். ஒரே மணியில் எடுத்தாள் அக்கா.

"பாஸாயிட்டேன்க்கா."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. நீளமாக, பல வருடத்து மூச்சு ஒன்று வெளியே போகிறதுபோல. பிறகு அக்கா கேட்டாள்: "எத்தனை மார்க்கு?"

"மார்க்கெல்லாம் கிடையாது. தேறினார்னு போட்டிருக்காங்க, அவ்வளவுதான்."

"அதென்னடி மார்க் போடாத பரீட்சை? சரியா படி. பின்பக்கம் பாரு, எங்கயாவது போட்டிருப்பாங்க."

தக்கை படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அப்படியே சொன்னாள். அக்காவுக்கு மனம் ஆறவில்லை. ஏழு கட்டத்தையும் ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னாள். தக்கை படித்தாள். முதல் வேலை இது, குறி உண்டு; இரண்டாவது இது, குறி உண்டு. மறுமுனையில் அக்கா ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள். நான்காவதில் அவள் குரல் உடைந்தது. கொஞ்சம் பொறு என்று சொல்லி, மூக்கைச் சிந்திவிட்டு வந்து, "சொல்லு, அஞ்சாவது" என்றாள்.